நாற்காலிக்குப் போணி

கண்ணுங்களா, மாதம் பிறந்தால் நம் வீட்டுக்கு ஒரு பை மீன் வருகிறதே, அதை யார் அனுப்புகிறார்கள், அதற்கு அப்பா ஏன் காசு கொடுப்பதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் "தெரிஞ்சவங்க" என்று சொல்லி மழுப்பிவிடுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது போன வருஷம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். இடம், திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்கு வருகிற கடலோர ரோட்டை ஒட்டி உள்ளே போகும் ஒரு சந்து. முனையில் மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கெபி இருக்கும். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும் கடலும். அந்தச் சந்து என் லைன். லைன் என்றால், அங்கே உள்ள வீடுகளுக்கெல்லாம் எங்கள் கம்பெனி இன்டர்நெட்டுக்கு மாதா மாதம் பணம் வசூல் பண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. முன்பு கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தோம், அப்புறம் அதே கம்பத்தில் இன்டர்நெட் ஒயரைக் கட்டினோம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி கொஞ்சம் உயரமாக வந்தால் போதும், எங்கள் ஒயரை அறுத்து மாலை மாதிரி போட்டுக்கொண்டு போய்விடும். மறுபடி கட்டுவோம். முதலாளியும் ஒரு காலத்தில் என்னோடு ஏணி தூக்கியவர்தான். இன்டர்நெட் வந்து இத்தனை வருஷமாகியும் அந்தச் சந்தில் எனக்குப் பெயர் 'கேபிளு'தான். "கேபிளு வந்துகீது, துட்டு எடுத்து வை" என்று ஒரு வீட்டில் சொன்னால் அடுத்த நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அந்தச் சந்தில் ஒரு அக்கா. காசிமேடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். நான் கேபிள் வசூலுக்கு முதன்முதலாக அங்கே போன அன்று ஒரு வீட்டிலும் காசு கிடைக்கவில்லை. எல்லாரும் "அப்பால வா, அப்பால வா" என்றார்கள். வெயிலில் கெபி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, மூஞ்சி தொங்கிகினு கீது? இன்னும் போணி ஆவலியா?"

முதல் காசு இன்னும் விழவில்லை என்று தலையாட்டினேன். மடியிலிருந்து காசை எடுத்து, "இந்தா, என் கையால போணி. இப்போ போய்க் கேளு, எவன் குடுக்க மாட்டேன்றான்னு பாக்குறேன்" என்று கொடுத்தார். அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனேன். நம்பினால் நம்புங்கள், அன்றைக்குச் சந்து முழுக்கப் பணம் கொடுத்துவிட்டது.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. மாதம் பிறந்தால் முதலில் அக்கா வீடு. மற்ற வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா போணி பண்ணிச்சா?" பண்ணியாச்சு என்றால்தான் கை பர்சுக்குப் போகும். ஒரு முறை அக்கா வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்துத்தான் வந்தார். அதுவரை ஒருத்தரும் காசு தரவில்லை. அக்காவுக்குக் கைராசி என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அக்கா பழைய காலத்து மனுஷி, போன் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மீன் கூடையிலேயே ஸ்கேன் பண்ணுகிற அட்டை தொங்கும். ஆனால் நாளின் முதல் காசு மட்டும் கையில்தான் வாங்குவார். "போணி கைக்குக் கை போவணும். அப்பால எந்தக் கருமத்துல குட்த்தாலும் வாங்கிக்கிறேன்" என்பார்.

போன வருஷம் முதலாளி சாஃப்ட்வேர் வாங்கினார். இனிமேல் மாதம் பிறந்ததும் பில்லை அதுவே போடும், எல்லாருக்கும் அதுவே மெசேஜ் அனுப்பும். ஜனங்கள் போனிலேயே கட்டிவிடலாம். கெடு தாண்டினால் அதுவே லைனைக் கட் பண்ணும், கட்டினால் அதுவே திறந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ரசீதில் ஒன்று இருக்கும், ஆபீசில் ஒன்று ஏறியிருக்கும், நடுவில் நான் திட்டு வாங்குவேன். அது ஒழிந்தது.

எங்கள் ரசீதுப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே வசூலுக்கு ஆள் வேணாம்ப்பா. ஆனா ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் பாக்க ஒரு சீட்டு போடுறேன். அது உனக்குத்தான். உன் லைன் பூரா சாஃப்ட்வேருக்குள்ள வரணும், அவ்வளவுதான். அவங்க வேற கம்பெனிக்குப் போயிட்டா, நான் எங்கிருந்துப்பா உனக்குச் சம்பளம் குடுக்கறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வருஷம்தான் உங்கள் அம்மா முதுகு வலி வந்து எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டிருந்தாள். நம் வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது ஒன்றுதான். உங்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த நாற்காலி கிடைத்தால் நாம் நிற்போம், இல்லாவிட்டால் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் தேதி, அக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பும் நேரத்துக்கு, வழக்கம்போல அவர் வீட்டுக்குப் போனேன். கையில் ரசீதுப் புத்தகம் இல்லை, ஸ்கேன் அட்டை இருந்தது.

"இன்னா நைனா, பொஸ்தகம் எங்க?"

"இனிமே பொஸ்தகம் கிடையாதுக்கா. போன்லயே கட்டிடலாம்."

"அப்போ நீ?"

"நான் ஆபீஸ்ல உக்காருவேன்."

"ஆபீஸ்ல குந்தி இன்னா பண்ணுவ? ஈ ஓட்டுவியா?"

கம்ப்ளெயின்ட் பார்ப்பேன் என்று விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். "எண்ணூர்ல என் தம்பி கம்பெனிலயும் இப்டிதான் சொன்னாங்கோ. மெஷினு வருது, நீ ஆபீஸ்ல குந்திக்கோன்னாங்கோ. அப்பால ஒரு நாளு கேட்டுக்கு வெளியே நிக்க வெச்சுட்டானுங்கோ. உன் வயித்துல அடிக்கிற மெஷினுக்கு என் கையால போணியா? நல்லா கீதே ஞாயம்!"

"எக்கா, நீ கட்டினாத்தான் எனக்கு வேலை."

பக்கத்து வீட்டு வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருத்தர் தலையைத் தூக்கினார். "பாவம், இப்டி சொல்லச் சொல்லி அனுப்பிச்சிகிறானுங்கோ. மூஞ்சியப் பாரு, அய்துடுவான் போல கீது."

அதுதான் எனக்கு வந்த கஷ்டம். நான் எவ்வளவு கெஞ்சுகிறேனோ அவ்வளவுக்கு என்னை யாரோ மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "உள்ள அய்வுறான், வெளியே சிரிக்கிறான்" என்றார்கள். கோபமாகச் சொல்லிப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அக்கா போணி பண்ணட்டும், நாங்க கட்டுறோம்." அக்காவோ, "மெஷினுக்கு மாட்டேன். உன் கையில குடுக்குறேன், வாங்கிக்கோ" என்று நோட்டை நீட்டினார். கையில் வாங்கக் கூடாது என்று ஆபீஸ் உத்தரவு. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் கொடுத்த ஸ்கேன் அட்டையை மட்டும் மரியாதையாக வாங்கி, கேரம் பலகை ஆடாமலிருக்க அதன் ஸ்டாண்டுக் காலுக்கு அடியில் மடித்து வைத்தார்கள்.

கெடு நாள் வந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் சாஃப்ட்வேர் தன் வேலையைப் பார்த்தது. சந்து முழுக்க ஒரே நேரத்தில் கட்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடினேன். திட்டு விழும் என்று நினைத்துத்தான் போனேன். சந்து திருவிழா மாதிரி இருந்தது. எல்லாரும் வாசலில். பெண்கள் வலை பின்னுகிற இடத்தில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் போனை வைத்துவிட்டுக் கருங்கல் ஓரமாகக் கிரிக்கெட் ஆடினார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தர் விசில் அடித்தார்.

"வா தலைவா! சந்தே உன் பக்கம் கீது!"

"ஐயோ, கட்டித் தொலைங்களேன்" என்றேன்.

"நாலு நாளு நெட்டு இல்லாட்டி செத்தா பூடுவோம்? கடலு கீது, காத்து கீது. என் பொண்ணு காலேஜு பாடத்துக்கு மொட்டை மாடில நின்னு பக்கத்துத் தெரு நெட்டைப் புடிச்சுக்கினுகீது. நீ பேஜாராவாத, மாமு."

எனக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து ஒரு சந்தே சேர்ந்து என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. கெபிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மா எனக்குச் சுண்டல் கொண்டுவந்து வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

அங்கிருந்தபோதே முதலாளி போன் பண்ணினார். "என்னப்பா நடக்குது அங்க? நீயே சொல்லிக் குடுத்தியா?" என்றார். அவர் அப்படிக் கேட்டதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. இல்லை என்றேன். "பெரிய கம்பெனிக்காரன் கனெக்ஷன் புடிக்க மெயின் ரோட்ல குடை போட்டு உக்காந்துட்டான், தெரியுமில்ல? நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

மறுநாள் விடிந்ததும் காசிமேடு மார்க்கெட்டுக்குப் போனேன். என்ன பேசுவதென்று யோசித்து வைக்கவில்லை. ஐஸ் தண்ணீரும் செதிலுமாகக் கால் வழுக்கியது. அக்கா அப்போதுதான் கூடையைப் பரப்பியிருந்தார்.

"நவுந்து நில்லுடா. இன்னும் போணி ஆவல, குறுக்கால நிக்காத."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒரு நோட்டை எடுத்து நீட்டினேன். "நான் போணி பண்றேன்க்கா. நெத்திலி போடு."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் போணியை மறுக்கக் கூடாது. நோட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றினார், கூடையைத் தொட்டார், மடியில் செருகினார். நெத்திலியை அள்ளிப் பையில் போட்டார்.

"உனக்குப் போணி ஆயிடுச்சுக்கா" என்றேன். "எனக்கு இந்த மாசம் இன்னும் ஆகல."

அவ்வளவுதான் சொன்னேன். கெஞ்சவும் இல்லை, விளக்கவும் இல்லை. அக்கா பை முடிச்சைப் போட்ட கையோடு அப்படியே இருந்தார். பக்கத்துக் கடைக்காரம்மா, "இன்னா எக்கா, காலைலயே அந்தாள இப்டி நிக்க வெச்சுகிற?" என்று கேட்டார். அக்கா எழுந்தார். என் நெத்திலிப் பையைத் தன் கூடைக்குள்ளேயே போட்டார். கூடையைத் தூக்கினார்.

"எங்க கீது அந்த மெஷினு? இட்டுனு போ. நான் பாக்கணும்."

ஆட்டோவில் மீன் கூடை, அக்கா, நான். ஆட்டோக்காரர், "ஆபீசுக்கா மீன் டெலிவரி?" என்று கேட்டு, அக்காவிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டு வாயை மூடினார்.

ஆபீஸ் கதவைத் திறந்ததும் ஏசி அறை முழுக்க மீன் வாசனை. அக்கா நாலு மூலையும் தேடினார். அவர் பெரிய இரும்பு மெஷின் எதையோ எதிர்பார்த்திருக்கிறார். மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டரும், சுவரில் ஒரு காலண்டரும்தான் இருந்தன.

"இதுவா? இந்தத் துக்கடாவா உன் சோத்துல மண்ணு போடப் பாத்துச்சு?"

முதலாளி எழுந்து வந்துவிட்டார். "எக்கா, அது யார் சோத்துலயும் மண்ணு போடல. இது அவரு சீட்டு" என்று பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினார். புது நாற்காலி. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரோரமாக நின்றது. நானே அதை அன்றுதான் பார்த்தேன். வேலை போய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்த நாட்களில் அந்த மனுஷன் எனக்கு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறார்.

அக்கா உடனே நம்பிவிடவில்லை. "ஒக்கார வெச்சுட்டு அப்பால வெளிய தள்ள மாட்டியே? மாதா மேல சத்தியமா சொல்லு."

"எக்கா, நான் சிவன் கோயில்காரன்."

"ரெண்டு பேர் மேலயும் சொல்லு."

முதலாளி சொன்னார். அவர் அப்போது சிரிக்கவில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"டேய் நைனா, போய்க் குந்து" என்றார் அக்கா. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் போனேன். "அத்த அப்பால பிரி. குந்து." உட்கார்ந்தேன், பிளாஸ்டிக் சரசரத்தது. அக்கா எனக்கு எதிரே நின்று போனை எடுத்தார். விரல் ஈரத்துக்குப் போன் அசையவில்லை. முந்தானையில் துடைத்தார், அப்போதும் ஒரு செதில் ஒட்டியிருந்தது, அதையும் சுரண்டிப் போட்டார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பின் நம்பரைப் போட்டார்.

"நான் மெஷினுக்குப் பண்ணல, தெர்தா? உன் நாற்காலிக்குப் போணி பண்றேன். சோக்கா இரு."

திரையில் அக்கா பெயர் இருந்த வரி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. "வந்துடுச்சுக்கா" என்றேன். அக்கா நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருஷமாக அக்கா கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கை, அது பாட்டுக்கு விரிந்து வெறுமையாக இருந்தது.

"கையில ஒண்ணும் படலியேடா" என்றார் அக்கா. அவர் குரல் சின்னதாகிவிட்டது.

அப்புறம் கூடைக்குள் கையை விட்டார். என் நெத்திலிப் பையை எடுத்தார். இரண்டு சங்கரா மீனை எடுத்து அதற்குள் போட்டார். "நெத்திலி நீ துட்டு குட்த்தது. சங்கரா நான் குடுக்குறது. போணி கையில படணும். இனிமே மாசா மாசம் துட்டு அதுல போவட்டும், இது உன் கையில வரும். வூட்டுல பசங்களுக்கு ஆக்கிப் போடு."

இதுதான் கண்ணுங்களா, அந்த மீன்.

போகும்போது வாசலில் நின்றே யாருக்கோ போன் பண்ணினார். "போணி ஆயிட்ச்சு, கட்டுங்கடா" என்றார், அவ்வளவுதான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சந்தின் வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக ஆரம்பித்தன. கேரம் வீடு, சுண்டல் கொடுத்த அம்மா வீடு, மொட்டை மாடிப் பெண் வீடு. முதலாளி என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "வாடை போற வரைக்கும் ஜன்னலத் திறந்து வை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் அந்த நாற்காலியில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். உறையைப் பிரித்துவிட்டேன். யாராவது போனில் சத்தம் போட்டுக் கம்ப்ளெயின்ட் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. சத்தம் போடுகிறவர்களில் பாதிப் பேர் நம் மேல் பாசத்தில்தான் போடுகிறார்கள் என்று அந்தச் சந்து எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பில்லை எது வேண்டுமானாலும் போடலாம். "நீ நல்லா இரு" என்று ஒருத்தர் கொடுப்பதை ஒருத்தர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு முதலாளி போனதும் அறையில் யாரும் இல்லை. ஜன்னலைத் திறக்க எழுந்தவன் திறக்காமல் திரும்பி வந்தேன். திரையில் அக்காவின் பச்சை வரி மேல் விரலை வைத்து, அந்த விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். விரலில் மீன் வாசனை அடித்தது.